உடல் வேப்பேரியில், இருதயம் ஜுல்பாவில்

இரண்டு நகரங்கள் தம்மைச் சகோதரிகள் என்று சொல்லிக்கொள்வது இக்கால வழக்கமாயிருக்கிறது. சென்னை நகரம் ருஷியாவின் வால்கோகிராடோடும், 1984ல் அமெரிக்காவின் டென்வரோடும் அவ்விதம் உறவு பூண்டது. நகரசபைகள் தீர்மானம் செய்கின்றன. பிரமுகர்கள் மாலை சூட்டிக்கொள்கிறார்கள். இவை நல்லவையே. ஆயினும் தீர்மானமும் மாலையுமின்றி, சொந்தப் பொருளைச் செலவிட்டு, பாரசீக தேசத்து ஊரொன்றைச் சென்னையின் தென்புறத்தோடு பிணைத்த ஒருவரை நம்மவர் மறந்திருப்பது நியாயமன்று. அவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வர்த்தகர்.

இஸ்பஹான் நகரையடுத்த புது ஜுல்பா அவரது ஊர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷா அப்பாஸ் என்னும் பாரசீக மன்னன், அராஸ் நதிக்கரையிலிருந்த ஆர்மீனியரைப் பெயர்த்துக் கொணர்ந்து குடியேற்றிய இடம் அது. வீடிழந்த அம்மக்கள் பட்டு வியாபாரத்தில் தலையெடுத்து, மணிலா வரையில் கடல் கடந்தார்கள். உஸ்கானும் மணிலாவில் வியாபாரம் செய்தபின், 1720களில் சென்னைக்கு வந்து பெருஞ்செல்வரானார்.

அக்காலத்தில் பரங்கிமலைக்கும், பல்லாவரம், தாம்பரம் வழியாகத் தெற்கேயும் போகிறவர்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றில் இறங்கியே கடக்கவேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வழி நின்றுவிடும். 1726ல் உஸ்கான் அங்கே பல வளைவுகளுள்ள பாலம் ஒன்றைத் தம் செலவில் கட்டுவித்தார். மாம்பலம் என்னும் பெயர் பரங்கியர் நாவில் திரிந்து, அது மார்மலாங் பாலம் என வழங்கிற்று. கட்டியதோடு நில்லாமல், பழுது பார்ப்பதற்கும் தனியே பணம் வைத்தார். ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. மலைமேலுள்ள ஆலயத்துக்குச் செல்லும் யாத்திரிகரை எண்ணிச் செய்த காரியம்; குடியானவனின் மாட்டுவண்டியும் அதே பாலத்தில் ஆற்றைக் கடந்தது.

அவர் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நண்பர். அதை நாம் மறைக்க வேண்டுவதில்லை, மெச்சவும் வேண்டுவதில்லை. 1746ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்து, அவரது சொத்துக்களைப் பறிமுதல் செய்தனர். அவர் கட்சி மாறவில்லை. 1749ல் நகரைத் திரும்பப் பெற்ற கம்பெனியார் காட்டிய நன்றி எத்தகையது? ஆர்மீனியர் கோட்டைக்குள் குடியிருத்தலாகாது என்று உத்தரவிட்டார்கள். உஸ்கானுக்கு மட்டும் விலக்களித்தார்கள். தம் இனத்தார் மூட்டை கட்டி வெளியேற, தாம் மட்டும் உள்ளே தங்கிய அம்முதியவரின் மனநிலையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1751ல் அவர் சென்னையில் காலமானார். வேப்பேரியில் அவர் கட்டுவித்திருந்த சிற்றாலயத்தில் உடல் அடக்கமாயிற்று. அவர் விரும்பியபடியே இருதயம் மட்டும் ஒரு பேழையில் வைக்கப்பட்டு ஜுல்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

பழைய பாலம் போய், 1966ல் அவ்விடத்தில் எழுந்த புதுப்பாலம் மறைமலையடிகள் பெயரைத் தாங்கி நிற்கிறது. உவப்பான பெயரே. ஆனால் உஸ்கான் பாலத்தின் கல்வெட்டு சாலையோரத்தில் ஒதுங்கிவிட்டது. பாரசீகம், லத்தீன், ஆர்மீனியம் என்னும் மூன்று பாஷைகளில் அது பொறிக்கப்பட்டது. கம்பெனியாரின் ஆங்கிலம் அதில் இல்லை. நாள்தோறும் ஆற்றைக் கடந்த ஜனங்களின் தமிழும் இல்லை. அக்கல்லைப் பேணி, அதன் பொருளைத் தமிழில் எழுதி அருகே நாட்டுவது சென்னை நகரசபையாரின் கடமை. அடுத்த சகோதரியைத் தேடப் புகும்போது, அவர்கள் இஸ்பஹானுக்கும் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கலாம்.