மறதி நோய்க்கு முகவரி கண்ட டாக்டர்

ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளியைத் தாண்டி, பொம்மசந்திரா, மடிவாளா வழியாகப் பெங்களூருக்குள் போகிறவர்களுக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரி தெரியாமல் இராது. பெயர் நிம்ஹான்ஸ். அது இருக்கும் சாலைக்கே ஓசூர் சாலை என்றுதான் பெயர். கிருஷ்ணகிரி, சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வயதான தாய் தகப்பனாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அங்கே போகிறவர்கள் பலர்.

சிலருக்குக் கை கால் வராது. சிலருக்கு வலிப்பு. இன்னும் சிலருக்கோ, பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் பெற்ற மகனையே யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன் சோறு போடவில்லை என்பார்கள்.

இந்த மறதி பல காரணங்களால் வரும். அவற்றில் மிகுதியாகக் காணப்படுவது ஆல்ஸைமர் நோய். ஆல்ஸைமர் என்பது கிருமியின் பெயர் அல்ல. ஒரு மனிதரின் பெயர்.

காதுக் குறும்பியில் தொடங்கியவர்

அலாய்ஸ் ஆல்ஸைமர் 1864-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி, ஜெர்மனியில் பவேரியாவைச் சேர்ந்த மார்க்பிரைட் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் நோட்டரி. மகன் வைத்தியம் படித்தார். 1887-ல் டாக்டர் பட்டத்துக்காக அவர் செய்த ஆராய்ச்சி எதைப் பற்றித் தெரியுமா? காதில் குறும்பி சுரக்கும் சுரப்பிகளைப் பற்றி!

மறு ஆண்டே பிராங்பர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மனநோயாளிகளைக் கட்டிப்போடுவதையே வைத்தியம் என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. அந்த ஆஸ்பத்திரியின் தலைவர் சியோலி, கட்டு வேண்டாம் என்றார். ஆல்ஸைமரும் அதே கட்சி. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேச்சுக் கொடுப்பார். 1889-ல் பிரான்ஸ் நிஸல் என்ற டாக்டரும் அங்கே வந்து சேர்ந்தார். மூளை அணுக்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் வித்தையில் நிஸல் கெட்டிக்காரர். பகலெல்லாம் நோயாளிகள், மாலையில் மைக்ராஸ்கோப் என்று நண்பர்கள் இருவரும் காலம் கழித்தார்கள்.

1894-ல் ஆல்ஸைமர் ஒரு வைர வியாபாரியின் விதவையை மணந்தார். மூன்று குழந்தைகள். ஆனால் 1901-ல் மனைவி காலமானார். குழந்தைகளைச் சகோதரி பார்த்துக்கொண்டார். ஆல்ஸைமர் வேலையில் மூழ்கிப்போனார்.

பெயரை மறந்த பெண்

அதே ஆண்டு நவம்பர் 25-ந் தேதி. ரெயில்வே குமாஸ்தா ஒருவர் தம் மனைவியை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். பெயர் அகஸ்தே டீட்டர். வயது 51. நன்றாகக் குடும்பம் நடத்தியவர், சமையலைக் கெடுத்தார், சாமான்களை ஒளித்து வைத்தார், காரணமில்லாமல் கணவர் மீது சந்தேகப்பட்டார்.

ஆல்ஸைமர் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டின்போது அந்த அம்மாள் தின்றது பன்றி இறைச்சியும் காலிபிளவரும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னார் டாக்டர். திருமதி என்று எழுதிவிட்டு, மேற்கொண்டு எழுத வராமல் நின்றுவிட்டார். தன்னையே தொலைத்துவிட்டதாகப் புலம்பினார்.

கிழப்பருவத்து மறதி என்று தள்ளிவிட முடியவில்லை. வயது 51தானே! ஆல்ஸைமர் ஒன்று விடாமல் குறித்துக்கொண்டார். பிற்பாடு கிரேப்ளின் என்ற பெரிய டாக்டரிடம் வேலை பார்க்க ஹைடெல்பர்குக்கும், அங்கிருந்து மியூனிக்குக்கும் போனார். மியூனிக்கில் அவருக்குத் தொடக்கத்தில் சம்பளம் கிடையாது. மாணவரின் மைக்ராஸ்கோப்பில் குனிந்து விளக்கம் சொல்லுவார். வாயிலிருந்த சுருட்டை மேஜையில் வைப்பார். அதை மறந்து அடுத்த மாணவரிடம் போய்விடுவார். மாலையில் பார்த்தால் மேஜைக்கு மேஜை சுருட்டுத் துண்டு கிடக்குமாம்.

சுருட்டை மறந்தவர் அகஸ்தேயை மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8-ந் தேதி அந்த அம்மாள் இறந்தார். அந்த மூளையும் கேஸ் காகிதங்களும் மியூனிக் வந்து சேர்ந்தன.

அணுவுக்குள் முடிச்சு

மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்து, வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். அணுக்களுக்கு வெளியே அங்கங்கே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. அணுக்களுக்கு உள்ளேயோ, தடித்த நூல்கள் முறுக்கிக்கொண்டு சிக்காகிக் கிடந்தன. சில இடங்களில் அணுவே மறைந்து, சிக்கு மட்டும் மிச்சம். வீடு இடிந்த பிறகு உத்தரம் மட்டும் கிடப்பது போல! மூளையின் மேற்பட்டையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அணுக்களில் இந்தச் சேதம்.

அந்த நூல் என்ன என்பது புரிய 80 ஆண்டு சென்றது. நரம்பணுவுக்குள் தண்டவாளம் போன்ற மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அணுவுக்கு வேண்டிய சரக்கு அவற்றின் வழியேதான் போகும். சிலிப்பர் கட்டை தண்டவாளத்தைப் பிடித்திருப்பது போல, டாவ் என்ற புரதம் அந்தக் குழாய்களைப் பிடித்து நிறுத்துகிறது. நோய் வந்தால் டாவின் மீது பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறுகிறது. டாவ் கழன்று, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. பாதை குலைகிறது, சரக்கு நிற்கிறது, கடைசியில் அணு சாகிறது. வெளியே படியும் திட்டு அமிலாய்ட் என்ற வேறொரு புரதம். இந்த இரண்டில் எது முதல் குற்றவாளி என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

1906 நவம்பரில் டூபிங்கனில் கூடிய மனநோய் டாக்டர்கள் மாநாட்டில் ஆல்ஸைமர் இதை விவரித்தார். சபையில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை! 1910-ல் கிரேப்ளின்தான் தம் புத்தகத்தில் ஆல்ஸைமர் நோய் என்று பெயர் சூட்டினார். இது புது நோய்தானா என்று ஆல்ஸைமருக்கே சந்தேகம் இருந்தது. 1907-லேயே பிராக் நகரத்து ஆஸ்கர் பிஷர் இதே திட்டுகளை 12 பேர் மூளையில் கண்டு எழுதியிருந்தார். அவர் பெயரைச் சொல்ல இன்று ஆள் இல்லை. புகழ் எல்லாருக்கும் நியாயமாகப் பங்கிடப்படுவதில்லை.

1912-ல் பிரெஸ்லா நகரில் பேராசிரியர் பதவி கிடைத்தது. ரெயிலில் அங்கே போகும் வழியிலேயே நோயில் விழுந்தார். பிறகு உடம்பு தேறவே இல்லை. 1915 டிசம்பர் 19-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 51. அகஸ்தே ஆஸ்பத்திரிக்கு வந்த அதே வயது. பிராங்பர்ட்டில் மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

எல்லைப் பகுதியில்

1980-ஐ ஒட்டி ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் இளைஞர்களாக நுழைந்தவர்களுக்கு இன்று 60 தாண்டிவிட்டது. 2023-ல் வெளியான கணக்குப்படி நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய். அடியோடு குணமாக்க மருந்து இல்லை.

ஆனால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் எல்லைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஐதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட, ஒன்றுக்கு மேல் பேசுகிறவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதித்தே தலைகாட்டியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கும் அப்படித்தான்.

அகஸ்தேயின் கேஸ் காகிதங்கள் வெகுகாலம் காணாமற்போயிருந்தன. 1995 டிசம்பரில் பிராங்பர்ட்டில் பழங்கட்டுகளுக்குள் ஒரு நீல அட்டைக் கோப்பாக அகப்பட்டன. ஆல்ஸைமரின் கையெழுத்தோடு, அந்த அம்மாள் தன் பெயரை எழுத முயன்று தோற்ற காகிதமும் அதில் இருந்தது. அதே 1995-ல்தான் ஓசூர் சாலை நிம்ஹான்ஸில், இறந்தவர்களின் மூளையைத் தானமாகப் பெற்று ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கும் மூளை வங்கி தொடங்கப்பட்டது.