ராக்கெட் கடலில் விழுந்தது... பிரஸ் மீட்டுக்கு வந்தது யார்? இஸ்ரோவை வளர்த்த சதீஷ் தவானின் கதை

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவு ராக்கெட்டான எஸ்.எல்.வி-3 கிளம்பியது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, கிட்டத்தட்ட 7 ஆண்டு உழைப்பு. முதல் கட்டம் சரியாகவே போனது. இரண்டாவது கட்டத்தில் கட்டுப்பாடு போய்விட்டது. கிளம்பிய ஐந்து நிமிடம் சொச்சத்தில் எல்லாம் வங்காள விரிகுடாவுக்குள்.

திட்ட இயக்குநர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். கவுண்ட்டவுனின் கடைசி நிமிடங்களில் கணினி ஏவுதலை நிறுத்தச் சொன்னது. நிபுணர்களிடம் கேட்டுவிட்டு, அதை மீறி ஏவச் சொன்னவர் அவர்தான். கலாமே பின்னாளில் பல மேடைகளில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படியென்றால் அன்று மாட்டியிருக்க வேண்டியவர் யார்? சந்தேகமே இல்லை, கலாம்தான்.

ஆனால் நடந்தது வேற. செய்தியாளர்கள் காத்திருந்த அறைக்குள் கலாமையும் கூட்டிக்கொண்டு போனார் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். பேசியது முழுக்க தவான்தான். தோல்விக்குத் தானே பொறுப்பு என்றார். டீமுக்கு இன்னும் கொஞ்சம் தொழில்நுட்ப ஆதரவு கொடுத்தால் அடுத்த முறை ஜெயிப்பார்கள் என்றும் சொன்னார். மக்கள் பணம் கடலில் போனதாக வந்த விமர்சனமும் அவர் தலையில்தான் விழுந்தது.

யார் இந்த தவான்?

1920-ல் ஸ்ரீநகரில் பிறந்தவர். லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல் படித்தார். அதோடு ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அப்புறம் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். விசித்திரமான கலவைதான். பிறகு அமெரிக்கா போய், 1951-ல் கால்டெக் நிறுவனத்தில் விமானவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனால் அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் இயக்குநரே ஆனார்.

1971 டிசம்பர் 30-ல் விக்ரம் சாராபாய் திடீரென மறைந்தார். இந்திய விண்வெளித் திட்டமே அவர் ஒருவரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது விடுப்பில் கால்டெக்கில் இருந்த தவானை, பொறுப்பேற்கச் சொல்லி அழைத்தார் பிரதமர் இந்திரா காந்தி. தவான் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். விண்வெளித் துறையின் தலைமையகம் பெங்களூருவில் இருக்க வேண்டும். அறிவியல் நிறுவன இயக்குநர் பதவியிலும் தொடர வேண்டும். சம்பளம், பங்களா பற்றிய பேச்சே அதில் இல்லை. பிரதமர் சரி என்றார். 1981 வரை இரண்டு நாற்காலிகளையும் ஒரே ஊரில் இருந்து பார்த்துக்கொண்டார்.

தன்னைவிட மூத்தவருக்கு முக்கியப் பதவி

தவான் உள்ளே வந்தபோது திருவனந்தபுரம், அகமதாபாத், ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூரு என்று வேலை சிதறிக் கிடந்தது. எல்லா கோப்பும் தன் மேஜைக்கு வரணும் என்று அவர் நினைக்கவில்லை. திருவனந்தபுரத்தில் இருந்த பிரிவுகளை விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் என்று ஒன்றாக்கி, முதல் இயக்குநராக உலோகவியல் அறிஞர் பிரம்ம பிரகாஷைக் கொண்டுவந்தார். அணுசக்தித் துறையில் பெரிய பெயர் எடுத்தவர், தவானைவிட 8 வயது மூத்தவர். தன் நாற்காலி ஆடிடுமோ என்று பயப்படும் பாஸ் இப்படி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பக்கம், செயற்கைக்கோள் வேலை யு.ஆர்.ராவ் தலைமையில் இளைஞர்களிடம் போனது. பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில், ஷெட்களில் உட்கார்ந்து அவர்கள் செய்த ஆர்யபட்டா, 1975 ஏப்ரல் 19-ல் சோவியத் ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது. சில நாட்களிலேயே மின்சாரக் கோளாறால் அதன் அறிவியல் சோதனைகள் நின்றுபோயின. ஆனால் ராவின் டீம் கலையவில்லை. அடுத்து பாஸ்கரா செய்தார்கள், பிறகு ஆப்பிள். 1984-ல் தவான் விலகியபோது இஸ்ரோ தலைவரானவரும் அதே ராவ்தான்.

எஸ்.எல்.வி-3 விழுந்த பிறகும் அப்படித்தான். ஆய்வுக் கூட்டத்தில் கலாம் தன் மீதே பழியைப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். பிரம்ம பிரகாஷ் அவருக்குத் துணையாக நின்றார். ஆள் யார் என்று தேடாமல் கோளாறு எங்கே என்று தேடியதில், வால்வு ஒன்றில் அழுக்கு சேர்ந்து சரியாக மூடாமல், இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டுக்கான நைட்ரிக் அமிலம் கசிந்திருந்தது தெரிந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் இவ்வளவு சின்ன விஷயம் வெளியே வருவது கஷ்டம். மூடி மறைத்திருந்தால் அடுத்த ராக்கெட்டும் கடலுக்குத்தான் போயிருக்கும்.

திட்ட இயக்குநர் மாறவில்லை. அதே கலாம், அதே டீம்.

1980 ஜூலை 18. எஸ்.எல்.வி-3 மறுபடி பாய்ந்தது. 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் போய் உட்கார்ந்தது. நாடே கொண்டாடியது. மறுபடி பிரஸ் மீட். கேமரா முன்னால் நிற்க தலைவருக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஆனால் தவான் இந்த முறை கலாமிடம், நீங்களே போய் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார்.

குடியரசுத் தலைவரான பிறகும் கலாம் பள்ளி, கல்லூரி மேடைகளில் இந்த இரண்டு பிரஸ் மீட் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்று நமக்கு இது தெரிவதற்கு முக்கியக் காரணமே அவர்தான். தவான் தன்னைப் பற்றிப் பேசித் திரிந்த ஆள் இல்லை.

பதவியை விட்ட பிறகு அவர் நேரம் கொடுத்த விஷயங்களில் ஒன்று பறவைகள். விமானவியல் அறிஞர் கண்ணோடு, பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்று ஒரு புத்தகமே எழுதினார்.

2002 ஜனவரி 3-ல் பெங்களூருவில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு சதீஷ் தவான் விண்வெளி மையம் என்று பெயர் வைக்கப்பட்டது. சூலூர்பேட்டையில் இருந்து அங்கே போகும் சாலை, பழவேற்காடு ஏரியின் நடுவில்தான் போகிறது. பனிக்காலத்தில் போனால், சாலையின் இரண்டு பக்கமும் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கும்.