பந்தாட்ட ஆசான் ரகீம்

சையது அப்துல் ரகீம் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். கல்லூரி நாளில் கால்பந்து ஆடியவர், பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார். 1950இல் ஐதராபாத் நகரக் காவலர் அணியின் பயிற்சியாளராய் அமர்ந்தார். அவ்வணி ரோவர்ஸ் கோப்பையை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றது. 1951இல் டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் பெற்றதும், 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் எய்தியதும் அவரது பயிற்சியினாலேயே.

1962இல் புற்றுநோய் அவரை வாட்டியது. ஆயினும் அணியுடன் ஜகார்த்தா சென்றார். அங்கே தடுப்பாட்டக்காரர் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. பிறராயின் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பர். ரகீமோ அவரை முன்வரிசையில் நிறுத்தினார்! இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக ஜர்னெயில் ஒரு கோல் அடித்தார். இந்தியா 2-1 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது.

ஒன்பது திங்கள் கழித்து, 1963 ஜூன் 11ஆம் நாள், ரகீம் மறைந்தார்.