புன்னைக்காயல் அண்டிரிக் அடிகளார்

கல்வி எல்லார்க்கும் பொது எனப் பேசுதல் எளிது. ஆயின் அது நகரத்தார்க்குக் கிட்டுமாறு போலக் கடலோரத்துச் சிற்றூரார்க்குக் கிட்டுவதன்று. ஒதுங்கிய ஊருக்கு ஆசிரியர் வரத் தயங்குவர்; வந்தவரும் நெடுநாள் நில்லார்; நின்றவர் பேசும் மொழி சிலபோது பிள்ளைகட்கு விளங்காது; விளங்கினும் கையிற் கொடுக்க நூல் இராது; நூல் இருப்பினும், மீன்பாடு மிகுந்த நாளிற் பிள்ளைகள் தந்தையரோடு கரைக்குப் போய்விடுவர். இவ்விடையூறுகள் நேற்றுத் தோன்றியன அல்ல. நானூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே நமது முத்துக்குளித் துறையில் இவற்றை எதிர்நின்று பொருத பெரியார் ஒருவர் உளர். அவர் பெயரை நம் குலத்தார் பலரும் கேட்டிருப்பர். அவர் செய்த பணியின் இயல்பை அறிந்தார் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றைச் சுருக்கி ஈண்டு வரையத் துணிந்தோம்.

பிறப்பும் வருகையும்

என்றிக்கே என்றீக்கஸ் என்பது அவர்தம் போர்த்துகேசியப் பெயர். அதுவே நம் கடற்கரையார் நாவில் அண்டிரிக் எனத் திரிந்து வழங்கிற்று. அவர் 1520-ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டு விலா விசோசா என்னும் ஊரிற் பிறந்தார். அவர் முன்னோர் யூத மரபினர். அம்மரபு காரணமாக அவர் முதலிற் சேர்ந்த பிரான்சிஸ்கு சபையில் நிலைத்திருக்க இயலவில்லை. பிறப்பால் ஒதுக்கப்படுதலின் துன்பத்தைத் தம் இளமையிலேயே அறிந்தவர் என்பது அவர் வாழ்வை நோக்குவார் மறக்கலாகாத செய்தி. பின்னர் 1545-இல் கொயிம்பிரா நகரில் இயேசு சபையிற் புகுந்து, மறு ஆண்டிற் கப்பலேறி, 1547-இல் முத்துக்குளித் துறைக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்துக் கடற்கரை நிலை

அடிகளார் வருமுன் இக்கரை இருந்த நிலையை அறிந்தாலன்றி அவர் பணியின் அருமை விளங்காது. முத்துக்குளிக்கும் உரிமைபற்றி எழுந்த பெரும் பூசலின் பயனாக, 1535 முதல் 1537 வரையில் நம் குலத்தார் ஏறத்தாழ 20,000 பேர் போர்த்துகேசியர் துணையை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். பெற்றும் என்? கற்பிப்பார் இல்லை. 1542-இல் தூய சவேரியார் வந்து, இருமொழி அறிந்தார் சிலரைக் கொண்டு மந்திரங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடஞ் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். அம் மொழிபெயர்ப்பிலும் பிழை மலிந்திருந்தது. நம்புகிறேன் எனப் பொருள்பட வேண்டிய இடத்தில் வேணும் என்னும் சொல் புகுந்திருந்ததை அவரே 1544-இற் கண்டு திருத்தினார் எனின், மொழி அறியாது கற்பித்தலின் இடர்ப்பாடு எத்தன்மைத்து என்பது வெளிப்படை.

ஊர்தோறும் ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்திப் பிள்ளைகட்குக் கற்பிக்கச் செய்ததும் சவேரியாரே. அவர்கட்குச் சம்பளம் வேண்டுமன்றோ? முத்துக்குளிப்பு வரியினின்றும் போர்த்துகல் அரசியாரின் பாதரட்சைச் செலவுக்கென ஒதுக்கப்பட்ட பணத்தை இக்கணக்கப்பிள்ளைமார்க்குத் திருப்பிவிடச் செய்தார். கடலில் மூழ்கி நம் முன்னோர் ஈட்டிய பொருளின் ஒரு கூறு அவர் மக்கள் கல்விக்கே மீண்டது.

மாணவரான ஆசிரியர்

அண்டிரிக் அடிகளார் வந்தவுடன் பிறரைப்போல் துபாஷியை நம்பியே காலங் கழித்தாரல்லர். தாம் சொல்வதைத் துபாஷி வேறொன்றாகச் சொல்லுதலும் கூடும் என உணர்ந்து, தாமே தமிழ் கற்கப் புகுந்தார். அக்காலத்தில் ஐரோப்பியர் தமிழ் பயில்வதற்கேற்ற இலக்கண நூல் யாதும் இல்லை. பெயர் வேற்றுமையேற்றலையும், வினை கால இடங்களால் திரிதலையும் இலத்தீன் இலக்கணத்தோடு ஒப்புநோக்கித் தாமே வகுத்து எழுதிக்கொண்டு, சில திங்களில் துபாஷியின்றிப் பேசும் ஆற்றல் எய்தினார்.

அக்குறிப்புக்கள் விரிந்து 1549-ஆம் ஆண்டளவில் போர்த்துகேசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமாயின. அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் நகரத்துத் தேசிய நூலகத்தில் உளது. அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்டனர். அந்நூலின் சிறப்பு யாதெனின், அது நன்னூல் வழிப்பட்ட செந்தமிழைக் கூறாது, கடற்கரையார் அன்று வாயாற் பேசிய தமிழைப் பதிந்து வைத்திருத்தலாம். இலக்கணப் பயிற்சியுடையோம் யாம். எனினும், நம் முன்னோரின் பேச்சு அங்ஙனம் இழிவெனக் கருதப்படாது ஏட்டில் ஏறியமை கண்டு மகிழ்கின்றோம். கற்பிக்க வந்தவர் முதலிற் கற்றார். அதுவும் படகோட்டியிடமும் வலைஞரிடமும் வழங்கிய மொழியைக் கற்றார். அவர் பெருமை முழுதும் இவ்வொன்றிலேயே அடங்கும் என்போம்.

புன்னைக்காயற் பணி

1549-இல் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி அடிகள் கொலையுண்டபின், இக்கரைப் பணியாளர் அனைவர்க்கும் தலைவராக அண்டிரிக் அடிகளார் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பொறுப்பை 1576 வரை தாங்கினார். பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலே அவர்க்கு இருப்பிடமாயிற்று. பணியாளர் தம்முள்ளும் தமிழிலேயே உரையாடல் வேண்டும் என்றும், தவறினார் ஒறுத்தல் ஏற்றல் வேண்டும் என்றும் ஒரு கட்டளை அங்கு நிலவிற்று. புதிதாக வரும் குருமார் தமிழ் பயிலுதற்கென ஒரு பள்ளியும் அவ்வூரில் நடைபெற்றது. ஊரார் பொருளுதவியால் ஒரு மருத்துவச்சாலையும் எழுந்தது.

இவையெல்லாம் அமைதியாக நிகழ்ந்தன என எண்ணற்க. 1553-இற் புன்னைக்காயல் கடல்வழி வந்த பகைவராற் சூறையாடப்பட்டது. அடிகளாரும் சிறைப்பட்டு மீண்டார். 1560-க்குப் பின் மக்களிற் பலர் மன்னாருக்குக் குடிபெயர்ந்தபோது அடிகளாரும் அங்குச் சென்று பணிசெய்து, பின் இக்கரைக்கே திரும்பினார். மக்கள் இடம்பெயரின் ஆசிரியரும் உடன்செல்லல் வேண்டும் என்பதை அவர் செயலே உணர்த்தும்.

அச்சேறிய தமிழ்

ஊர்கள் பல, ஆசிரியர் சிலர். ஒருவர் செல்லாவிடத்தும் அவர் சொல் செல்லவேண்டுமாயின் நூல் வேண்டும். ஏடெழுதிப் பரப்புதலோ காலத்தைக் கொள்வது. 1554-இல் லிஸ்பனில் ஒரு தமிழ்ச் செபநூல் அச்சாயிற்று. அதனை ஆக்கினோர் மூவர் தமிழரே. ஆயினும் தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்தில் அமைந்தமையின், நம் பிள்ளைகட்கு அது பயன்படுமாறு இல்லை.

ஆதலின் தமிழெழுத்தை அச்சில் வார்க்கும் முயற்சி எழுந்தது. 1577-இல் கோவாவில் ஜுவான் கொன்சால்வஸ் என்பாரும், 1578-இற் கொல்லத்தில் ஜுவான் தெ பாரியா என்பாரும் எழுத்துக்களை வார்த்தனர். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சேறி வெளிவந்தது. அது 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். எனினும் இந்திய மொழிகளுள் தன் எழுத்தாலேயே அச்சேறும் பெருமையைத் தமிழே முதற்கண் பெற்றது. அதன் படி ஒன்று இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு நூலகத்தில் உளது. மறு ஆண்டு நவம்பர் 14-இற் கொச்சியிற் கிரிசித்தியானி வணக்கமும், 1580-இற் பாவசங்கீர்த்தன நூலும், 1586-இல் அறுநூறு பக்கங்கட்கு மேற்பட்ட அடியார் வரலாறும் வெளிவந்தன. இவ்வச்சுப்பணிக்குப் பொருள் வழங்கினோருள் இக்கரைப் பரதகுலத்தார் முன்னின்றனர். முத்தெடுத்த கைகளே அச்சுக்கும் பொருள் ஈந்தன என்பதை நம் மக்கட்குச் சொல்லி வளர்த்தல் கடன்.

அந்நூல்களின் எழுத்தமைதி ஏட்டுச்சுவடியைத் தழுவியது. மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வடிவ வேறுபாடு இல்லை. சொற்களும் பேச்சு வழக்கை ஒட்டியனவே. இவற்றைக் குறை எனக் கூறுவார் கூறுக. படிப்பார்க்கு விளங்கவேண்டும் என்பதே அந்நூல்களின் நோக்கம், அது நிறைவேறிற்று.

மறைவும் அதன் பின்னும்

ஐம்பதாண்டுக்கு மேல் தமிழர் நடுவே வாழ்ந்த அடிகளார், 1600-ஆம் ஆண்டிற் புன்னைக்காயலில் தம் எண்பதாம் அகவையளவில் மறைந்தார். அவர் உடல் தூத்துக்குடிக்குக் கொணர்ந்து அடக்கஞ் செய்யப்பெற்றது.

இனி யாம் சொல்லப்புகுவதே இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. அவர்க்குப் பின் தமிழ் அச்சுக்கலை தளர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்பலக்காட்டிற் சில நூல்கள் அச்சாயின. 1713-இல் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் அமைந்த பின்னரே தமிழச்சு மீளத் தழைத்தது. முதலில் அச்சுநூல் கண்ட கடற்கரையோ எழுத்தறியாதார் மிக்க கரையாய் நெடுங்காலம் கிடந்தது. காரணம் யாது? ஆசிரியரும் மேலாளரும் அயலிலிருந்து வந்தனர். பொருள் மட்டும் நம்மவர் தந்தனர். பணியைத் தொடர நம் குலத்தினின்றே ஆசிரியர் பலர் எழவில்லை. அச்சான நூல்களும் சமயக் கல்விக்கே உரியன. கடல்தொழிலுக்கும் கணக்குக்கும் வாணிகத்துக்கும் வேண்டிய நூல் ஒன்றும் அவற்றுள் இல்லை. பெரியார் ஒருவர் மூட்டிய விளக்குக்கு எண்ணெய் வார்ப்பார் இல்லையேல் அஃது அவரோடே அவியும்.

நம் கடமை

அன்பர்காள்! தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கடல் ஒன்றையே நம்பி ஒரு தலைமுறை வாழ்தல் இயலாது என்பதை அதுவே காட்டிற்று. ஆகவே அடிகளாரைப் போற்றுதல் அவர் படத்துக்கு மாலையிடுதலோடு அமைவதன்று. நம் குலத்துப் பட்டம் பெற்ற இளைஞரும் நங்கையரும் வேம்பார் முதற் குமரிவரை உள்ள ஊர்களிற் சில ஆண்டுகளேனும் தங்கிக் கற்பித்தல் வேண்டும். பாடு மிகுந்த நாளில் மகனைப் பள்ளியினின்று நிறுத்தாமையும், மகளை வயதுவந்தவுடன் வீட்டில் இருத்தாமையும் ஒவ்வோர் இல்லத்தாரும் மேற்கொள்ளற்பாலன. ஊர்ப்பிள்ளைகளின் பேச்சை எள்ளாது, அதிலிருந்து தொடங்கிச் செந்தமிழுக்கு அழைத்துச் செல்லுதல் எம்போன்ற ஆசிரியர் கடன். நம் முன்னோர் அச்சுக்கு ஈந்ததுபோல, ஒரு நாட் பாட்டில் ஒரு பங்கை ஊர்ப்பள்ளிக்கு ஒதுக்கின், அயலார் கையை எதிர்நோக்க வேண்டுவதில்லை.

வேற்று நாட்டார் ஒருவர் நம் மொழியைக் கற்று நமக்கு நூல் தந்தார். நம்மவர் நம் பிள்ளைகட்குக் கற்பித்தல் அதனினும் எளிதன்றோ? அவர் தொடங்கியதை நாம் முடிப்போமாக.