நிலவறையில் தொடங்கிய சேவை: மரியா டிக்கின்

செல்லப்பிராணிகளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று மாணவர்கள் கூடிப் பேசும்போது முதலில் எழும் யோசனைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சுவரொட்டி வரையலாம், விழிப்புணர்வு ஊர்வலம் போகலாம், காப்பகத்துக்கு ஒருநாள் சென்று வரலாம் என்பார்கள். எல்லாம் நல்லவைதான். ஆனால், ஒரு வீட்டு நாய் ஏன் சொறியோடு திரிகிறது, அதை வளர்ப்பவர் ஏன் மருத்துவரிடம் கொண்டுபோகவில்லை என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கேள்வியைக் கேட்டு, அதற்கான விடையையே தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டவர் மரியா எலிசபெத் டிக்கின்.

போதகரின் மூத்த மகள்

1870ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் லண்டனின் ஹேக்னி பகுதியில் மரியா பிறந்தார். தந்தை கிறிஸ்துவப் போதகர். எட்டுப் பிள்ளைகளில் மரியாதான் மூத்தவர். பெண்கள் வேலைக்குப் போவதைப் பலரும் விரும்பாத அந்தக் காலத்தில், குரல்வளப் பயிற்சி அளிக்கும் நிலையம் ஒன்றைத் திறந்து வெற்றிகரமாக நடத்தினார். 1899இல் உறவினரான ஆர்னல்ட் டிக்கினை மணந்தார். ஆர்னல்ட் கணக்காளர். திருமணத்துக்குப் பிறகு அன்றைய வழக்கப்படி மரியா வேலையை விட்டுவிட்டார்.

வசதியான வீடும் ஓய்வும் அவருக்குப் போதவில்லை. லண்டனின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களைச் சந்தித்து உதவும் பணியில் இறங்கினார். நெருக்கடியான சந்துகள், ஒரே அறையில் முடங்கிய குடும்பங்கள் என்று வறுமையின் பல முகங்களை அங்கே பார்த்தார். இன்னொரு காட்சியும் அவர் கண்ணை உறுத்தியது. தோல் உரிந்த நாய்கள், ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு குப்பையில் இரை தேடும் பூனைகள், புண்ணோடு வண்டி இழுக்கும் கழுதைகள் எங்கும் தென்பட்டன.

இதைப் பார்ப்பவர் எவரும் இங்குள்ள மக்களுக்கு இரக்கமே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். மரியா அப்படி முடிவுகட்டவில்லை. வீடு வீடாகச் சென்று பழகியதால், அவர்களில் பலர் தங்கள் விலங்குகளை உயிராக நேசித்ததை அவர் அறிந்திருந்தார். அவர்களிடம் பாசம் இருந்தது, மருத்துவருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அரை வயிற்றுக்கு உண்ணும் குடும்பம் பூனையின் காலுக்குக் கட்டுப் போட எங்கே போகும்?

இடம் தர மறுத்தவர்கள்

ஏழைகளின் விலங்குகளுக்கு இலவச மருந்தகம் தொடங்க வேண்டும் என்று மரியா முடிவெடுத்தார். அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மனிதர்களே துன்பப்படும்போது விலங்குகளுக்கு என்ன சேவை என்று கேட்கும் காலம் அது. இடம் கேட்டுப் பல கதவுகளைத் தட்டினார். கடைசியில் ஒரு பாதிரியார் ஒயிட்சேப்பல் பகுதியில் இருந்த ஒரு நிலவறையைக் கொடுத்தார். 1917ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் அங்கே மருந்தகம் திறக்கப்பட்டது. நோயுற்ற விலங்குகளைக் கொண்டுவாருங்கள், எல்லாவற்றுக்கும் இலவச சிகிச்சை உண்டு என்பதுதான் வாசலில் வைத்த அறிவிப்பின் சாரம்.

ஏழைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சிறுவர்கள் பூனைகளைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். தள்ளுவண்டி வியாபாரிகள் கழுதைகளை ஓட்டி வந்தார்கள். இப்படித் தொடங்கியதுதான் பிடிஎஸ்ஏ என்று இன்று அழைக்கப்படும் மக்கள் மருந்தகம்.

வர முடியாதவர்களைத் தேடிப் போக, 1920களில் குதிரை பூட்டிய வண்டி ஒன்றை மருந்தகமாக மாற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதன்பின் நடமாடும் மருந்தகங்கள் பெருகின. 1928இல் லண்டனை அடுத்த இல்ஃபர்டில் விலங்குகளுக்கான மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது.

எதிர்ப்பும் ஒரு பாடம்

எல்லாரும் பாராட்டிவிடவில்லை. கால்நடை மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மருந்தகத்தில் சிகிச்சை அளித்தவர்களில் பலர் முறையான மருத்துவப் பட்டம் பெறாமல், அமைப்புக்குள்ளேயே பயிற்சி பெற்றவர்கள். தவறான சிகிச்சையால் விலங்குகளுக்குக் கேடு வரும் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. மருத்துவரிடம் போக வழியே இல்லாத ஏழைக்கு வேறு என்ன மாற்று என்று மரியாவின் தரப்பு கேட்டதிலும் நியாயம் இருந்தது. பட்டம் பெறாதவர்கள் விலங்குகளுக்கு மருத்துவம் பார்ப்பதைப் பிரிட்டனில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. இன்று பிடிஎஸ்ஏ மருத்துவமனைகளில் தகுதிபெற்ற மருத்துவர்களே பணியாற்றுகிறார்கள். ஏழைகளுக்கு உதவும் நோக்கம் மாறவில்லை, செய்யும் முறை திருந்தியது.

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை

மரியாவின் பணியில் மாணவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது 1934இல் அவர் தொடங்கிய சிறுவர் சங்கம். சுறுசுறுப்பான தேனீக்கள் என்பது அதன் பெயரின் பொருள். செல்லப்பிராணியை எப்படிப் பராமரிப்பது என்று பிள்ளைகள் அங்கே கற்றுக்கொண்டார்கள். மருந்தகத்துக்காக நிதியும் திரட்டினார்கள். அறிவுரையோடு நிறுத்தாமல், வயதுக்குத் தகுந்த வேலையையும் ஓர் அமைப்பின் உறுப்பினர் என்ற பெருமையையும் மரியா அவர்களுக்குக் கொடுத்தார். மரியாவின் மறைவுக்குப் பிறகு அந்தச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர் எனிட் பிளைட்டன். ஐந்து நண்பர்களின் துப்பறியும் கதைகளில் டிம்மி என்ற நாயையும் ஒரு நண்பனாகவே படைத்த அதே எழுத்தாளர்தான்.

நம் வட்டாரத்துக்கும் வந்த பதக்கம்

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குள்ளான நகரங்களில் பிடிஎஸ்ஏ மீட்புக் குழுக்கள் இடிபாடுகளுக்குள் சிக்கிய செல்லப்பிராணிகளைத் தேடி மீட்டன. போர்முனையில் விலங்குகள் காட்டிய துணிவுக்கும் அங்கீகாரம் வேண்டும் என்று கருதிய மரியா, 1943இல் ஒரு வெண்கலப் பதக்கத்தை ஏற்படுத்தினார். அதுவே டிக்கின் பதக்கம். முதலில் அதைப் பெற்றவை மூன்று புறாக்கள். கடலில் விழுந்த விமானங்களின் வீரர்கள் காப்பாற்றப்பட அவை துணைபுரிந்தன. 1949க்குள் 32 புறாக்கள், 18 நாய்கள், 3 குதிரைகள், ஒரு பூனை என 54 உயிர்களுக்கு அந்தப் பதக்கம் கிடைத்தது.

அந்த 18 நாய்களில் ஒன்றான ஜூடியின் கதை நம் வட்டாரத்தைத் தொட்டுச் செல்கிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்வதற்கு முன், அங்கிருந்து தப்பிய பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜூடி இருந்தது. கப்பல் தாக்கப்பட்டது. உயிர் தப்பிய ஜூடி, பின்னர் சுமத்ராவின் மேடானில் ஜப்பானியர் நடத்திய முகாமில் அதிகாரபூர்வமாகவே போர்க் கைதியாகப் பதிவு செய்யப்பட்டது. பசியிலும் நோயிலும் வாடிய கைதிகளுக்கு அது துணையாக இருந்தது. 1946இல் அதற்குப் பதக்கம் அணிவிக்கப்பட்டது.

மரியா 1951ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், தமது 80ஆவது வயதில் காலமானார். அவர் தொடங்கிய அமைப்பு பொதுமக்களின் நன்கொடையில் இன்றும் இயங்குகிறது.

நம் திட்டத்துக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

பள்ளியிலோ கல்லூரியிலோ செல்லப்பிராணி நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கும் மாணவர்கள் மரியாவைப் போல முதலில் வீடுகளுக்குப் போய்ப் பேசலாம். தனியாக வாழும் மூதாட்டிக்குத் தம் பூனையைத் தூக்கிக்கொண்டு மருந்தகம் செல்ல முடியாமல் இருக்கலாம். ஒரு குடும்பத்துக்குக் கருத்தடைச் செலவு கட்டுப்படியாகாமல் இருக்கலாம். இன்னொரு குடும்பத்துக்குத் தடுப்பூசி தேவை என்பதே தெரியாமல் இருக்கலாம். மூன்று வீடுகளின் தேவையும் மூன்று விதம். ஒரே சுவரொட்டி மூன்றையும் தீர்க்காது.

தேவை தெரிந்தபின் வேலையைப் பங்கிடுங்கள். சிலர் பிராணியைக் கூண்டில் வைத்து அழைத்துச் செல்லலாம், சிலர் நிதி திரட்டலாம், சிலர் தடுப்பூசி நாள்களைக் குறித்து வைத்து நினைவூட்டலாம். சிகிச்சையை மட்டும் நீங்களே செய்யத் துணியாதீர்கள். கால்நடை மருத்துவர் ஒருவரைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய இடமும் பெரிய தொகையும் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மரியாவுக்குக் கிடைத்தது ஒரு நிலவறை மட்டுமே. அதன் கதவை அவர் ஏழைகளுக்குத் திறந்து வைத்தார், அவர்களும் நம்பி வந்தார்கள்.