மண்டையில் ஏறாது என்பவர்களுக்கு மரியா மாண்டிசோரி தந்த பதில்

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு மரியா மாண்டிசோரி என்பது ஒரு பெயர். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் என்ற பகுதியின் 30 கேள்விகளுக்குள் வந்தால் ஒரு மதிப்பெண். மற்றவர்களுக்கோ அது அதிகக் கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளியின் பெயர்ப் பலகையில் எழுதியிருக்கும் ஒரு சொல். இந்த இரண்டுமே அந்த அம்மையாரின் வாழ்க்கைக்கு வெகு தொலைவில் நிற்பவை. படிக்க லாயக்கில்லை என்று பூட்டி வைக்கப்பட்ட பிள்ளைகளிடமும், ஏழைக் குடியிருப்பின் தெருப் பிள்ளைகளிடமும்தான் அவர் தன் கல்வி முறையைக் கற்றுக்கொண்டார். அதனால் அவரது வாழ்க்கை முதலில் நமக்கு உரியது.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைக் கடந்து பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளில் பலர், அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் புத்தகத்தைத் தொட்டவர்கள். அடிவாரத்தில் இருக்கும் காலனிப் பிள்ளைகளின் நிலையும் அதுதான். மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்றால், இந்தப் பிள்ளைக்கு மண்டையில் ஏறாது என்று ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. மலையில் அதற்கு இனத்தைக் காரணம் சொல்கிறார்கள், கீழே சாதியைக் காரணம் சொல்கிறார்கள். தீர்ப்பைக் கேட்ட பிள்ளை சில ஆண்டுகளில் ரிக் வண்டிக்கோ செங்கல் சூளைக்கோ எஸ்டேட் வேலைக்கோ போய்விடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தீர்ப்பைத் தவறு என்று செய்து காட்டியவர் மரியா மாண்டிசோரி.

மருத்துவம் படித்த பெண்

மரியா 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவள்ளே என்ற சிறு ஊரில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். பெண் பிள்ளை மருத்துவம் படிப்பதில் அவருக்கு விருப்பமில்லை. தாய்தான் துணை நின்றார். ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தபோது, ஆண்களோடு சேர்ந்து பிணக்கூறாய்வு செய்யக்கூடாது என்று அவரைத் தனியே நிறுத்தினார்கள். மற்ற மாணவர்கள் போன பிறகு, பிணங்களுக்கு நடுவே தனியாக இருந்து அவர் அந்தப் பாடத்தை முடித்தார். 1896-ல் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவரும் ஒருவர். ஒதுக்கி வைப்பது என்றால் என்ன என்பதை அவர் படிக்கும்போதே அறிந்திருந்தார்.

பட்டம் பெற்ற பின் மனநல மருத்துவப் பிரிவில் பணி. அப்போது ரோம் நகரத்து மனநலக் காப்பகங்களில், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட சிறு பிள்ளைகளையும் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் அறை. தொட்டு விளையாட ஒரு பொருள் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்ட பணியாளர்களுக்கு அது தின்னும் ஆசையாகத் தெரிந்தது. மரியாவுக்கு வேறொன்று தெரிந்தது. கைகளுக்கு வேலை இல்லை, கைகள் எதையோ தேடுகின்றன என்று அவர் கண்டார். மருந்தைவிட இவர்களுக்குக் கல்விதான் தேவை என்ற முடிவுக்கு அங்கே வந்தார்.

அவருக்கு முன்பே பிரான்சில் இதார், செகன் என்ற இரு மருத்துவர்கள் இத்தகைய பிள்ளைகளுக்குப் புலன்கள் வழியாகக் கற்றுத்தர முயன்றிருந்தார்கள். அவர்களது நூல்களை மரியா ஆழ்ந்து படித்தார். 1900-ல் ரோமில் இப்பிள்ளைகளுக்காகவும் இவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகவும் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பில் இருந்த இருவரில் மரியா ஒருவர். பகலெல்லாம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, இரவில் அன்று பார்த்ததைக் குறித்து வைத்தார். மரத்துண்டுகள், எழுத்து வடிவங்கள், மணிகள் எனப் பொருள்களைச் செய்து செய்து மாற்றினார். அந்தப் பிள்ளைகளில் சிலர் மற்றப் பள்ளிப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள்.

ஊரே வியந்தது. மரியா வியக்கவில்லை. லாயக்கில்லை என்று தள்ளப்பட்ட பிள்ளைகள் இவ்வளவு தூரம் வரமுடியும் என்றால், நல்ல நிலையில் உள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்கின்றன என்ற கேள்விதான் அவருக்கு எழுந்தது.

குடியிருப்பில் தொடங்கிய பள்ளி

1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. பெற்றோர் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகள் புதிதாகச் சீரமைத்த கட்டடத்தின் சுவரைக் கெடுக்கின்றன என்பதுதான் கட்டட நிறுவனத்தின் கவலை. பிள்ளைகளை ஓரிடத்தில் அடக்கி வைக்க ஆள் தேடினார்கள். மரியா அதைப் பள்ளியாக மாற்றினார். பள்ளி செல்லும் வயதுக்கு வராத சுமார் 50 பிள்ளைகள் முதலில் சேர்ந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் ஆசிரியர் பயிற்சி பெற்றவர் அல்ல.

அங்கே பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற சிறு மேசை, நாற்காலிகள் போடப்பட்டன. ஒரு நாள் பொருள் வைத்திருந்த அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். திருட்டு என்று யாரும் அவர்களை அடிக்கவில்லை. தனக்கு எது வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிகிறது என்று புரிந்துகொண்ட மரியா, அன்றிலிருந்து கைக்கு எட்டும் திறந்த அலமாரிகளை வைத்தார்.

எழுத்தை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளை அதை விரலால் தடவும்போதே அதன் ஒலியைச் சொல்லும். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, விரல் உணர்கிறது. ஒரு வாசல் அடைபட்டிருந்தாலும் இன்னொரு வாசல் வழியாக எழுத்து உள்ளே போய்விடும். சில மாதங்களில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே எழுதத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள்.

மணலில் விரலால் எழுதிப் பழகுவது நம் திண்ணைப் பள்ளிகளிலும் இருந்த வழக்கம்தான். ஆனால் அந்தத் திண்ணையில் நம் முன்னோர் ஏறி உட்கார முடியவில்லை. முறை நம் மண்ணில் இருந்தது, அதைத் தொடும் உரிமைதான் நமக்கு இல்லை.

அடையாறும் கொடைக்கானலும்

மரியாவின் புகழ் உலகெங்கும் பரவியது. 1909 முதல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். தொடக்கத்தில் முசோலினியின் அரசு அவரது பள்ளிகளை ஆதரித்தது, அவரும் அந்த ஆதரவை ஏற்றார். பிள்ளைகளை அரசின் சிப்பாய்களாக்கப் பார்த்தபோது அந்த உறவு முறிந்தது. இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன. அவர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

1939-ல், 69 வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் மகன் மரியோவோடு சென்னைக்கு வந்தார். அழைத்தவர்கள் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். அடையாற்றின் ஆல்காட் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகளில் முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்தத் தோட்டத்துக்குப் பெயர் தந்த கர்னல் ஆல்காட், 1894-ல் அதே வட்டாரத்தில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியவர். பண்டிதர் அயோத்திதாசரோடு இணைந்து செயல்பட்டவர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியில் கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறை, மரியா வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தப் பள்ளிகளில் கையாளப்பட்டது. இந்த வரலாற்றையும் நம் மாணவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இங்கிருந்த ஆங்கில அரசுக்கு மரியாவும் மரியோவும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். மரியாவை அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். அவரது 70-வது பிறந்த நாளில் மரியோவை விடுவித்தார்கள். போர்க் காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்த சிறு பள்ளி ஒன்று உருவானது. செடி, பூச்சி, கல், நீரோடை எல்லாமே பாடமாயின. மலையில் வாழும் பிள்ளைக்கு மலையே புத்தகம் என்பது அங்கே நடைமுறையானது.

சென்னை, கொடைக்கானல், அகமதாபாத், கராச்சி, கொழும்பு என அவர் வகுப்புகள் நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். 1946-ல் ஐரோப்பா திரும்பினார், பின்னர் மீண்டும் வந்து 1949 வரை இங்கே பணியாற்றினார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார்.

சாதியை எதிர்த்து அவர் இயக்கம் நடத்தவில்லை. அவரது முறை அவருக்குப் பின் வசதி படைத்தவர்களின் கைக்குப் போனதும் உண்மை. ஆனால் தமிழக அரசுப் பள்ளிகளுக்கும் அது வேறு வடிவில் வந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். பாயில் உட்காருவது, கைக்கு எட்டும் கரும்பலகை, அவரவர் வேகத்தில் அட்டை எடுத்துப் படிப்பது. இவற்றில் மாண்டிசோரியின் சாயல் தெளிவாகத் தெரியும்.

ஆசிரியர் ஆகப்போகும் பிள்ளைகளுக்கு

ஆசிரியருக்கு முதல் பயிற்சி பேசுவதில் அல்ல, கவனிப்பதில்தான் என்பது மரியாவின் முடிவு. ஒரு பிள்ளை எதை எடுக்கிறது, எங்கே தடுக்குகிறது, எதில் தன்னை மறக்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். பொருளைக் குறைந்த சொற்களில் மெதுவாகச் செய்து காட்டிவிட்டு விலகி நிற்க வேண்டும். தவறைப் பிள்ளையே கண்டுபிடிக்க விட வேண்டும். அடியும் கூடாது, ஆசை காட்டும் பரிசும் கூடாது.

இந்தக் கவனிப்பு இருந்தால் இரண்டு வேறுபட்ட நிலைகளைப் பிரித்தறியலாம். முதலாவது, வாய்ப்பு கிடைக்காத பிள்ளை. பெற்றோரோடு சூளைக்குப் போய் ஆறு மாதம் பள்ளி வராத பிள்ளைக்கு எழுத்து வராதது குறைபாடு அல்ல. வீட்டில் பேசும் மலைத்தமிழும் புத்தகத் தமிழும் வேறாக இருப்பதும் குறைபாடு அல்ல. நேரமும் பொறுமையும் கொடுத்தால் அந்தப் பிள்ளை எட்டிப் பிடித்துவிடும்.

இரண்டாவது, கற்றலில் உண்மையான வேறுபாடு உள்ள பிள்ளை. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்லும். மிளகுக் கொடிக்கும் காட்டுக் கொடிக்கும் வித்தியாசம் சொல்லும். ஆனால் எழுத்தின் உருவமும் ஒலியும் மட்டும் ஒட்டாது. ஒழுங்காகப் பள்ளி வந்தும், கண்ணும் காதும் நன்றாக இருந்தும் இந்தத் தடுமாற்றம் தொடர்ந்தால், அது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அறிவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைத் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. உரிய சான்று பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்களை அணுகலாம். இந்தச் சலுகைகளை நகரத்துப் பெற்றோர் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். நம் பெற்றோருக்குச் சொல்ல ஆள் இல்லாததால் நம் பிள்ளைகள் மக்கு என்ற பெயரோடு வெளியேறுகிறார்கள்.

வாய்ப்பு கிடைக்காத பிள்ளைக்குக் குறைபாடு என்று முத்திரை குத்துவதும் அநீதி. உதவி தேவைப்படும் பிள்ளையை சோம்பேறி என்று தள்ளுவதும் அநீதி. இரண்டையும் தடுக்கக் கூடியவர் ஒருவர்தான், அந்த வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு தாள் உப்புத்தாள், பழைய அட்டை, பசை போதும். அதுவும் இல்லையென்றால் ஒரு தட்டில் மணலோ சாமையோ பரப்பினால் போதும். பிள்ளை விரலால் எழுதட்டும், எழுதும்போதே ஒலியைச் சொல்லட்டும். ல, ள, ழ குழம்பினால் மூன்றையும் ஒரே நாளில் திணிக்காமல், ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு அடுத்ததற்குப் போகலாம். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை நம் வீட்டிலேயே இருக்கிறது.

கொல்லிமலையிலிருந்தும் அடிவாரக் காலனிகளிலிருந்தும் ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இன்று அதிகம் வேண்டும். முதல் தலைமுறையாகப் படிப்பதன் பயமும் அவமானமும் அவர்களுக்குத் தெரியும். தேர்வில் மாண்டிசோரி பற்றிய கேள்விக்குச் சரியான விடையைக் குறித்து அந்த ஒரு மதிப்பெண்ணை வாங்குங்கள். பணியில் சேர்ந்த பிறகு, கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி மற்றவர்கள் சொன்ன தீர்ப்பை ஒதுக்கி வையுங்கள். ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். பாடத்தை அதற்குப் பிறகு தொடங்கலாம்.