டீற்றிச் பொன்ஹோபர் (1906 – 1945): நாட்டுப்பற்றும் மனச்சாட்சியும்

மாணவர்களே, மக்களிடையே நாட்டுப்பற்றையும் ஒழுக்க விழுமியங்களையும் வளர்ப்பது திருச்சபையின் பணிகளில் ஒன்று எனக் கற்றிருப்பீர்கள். ஆனால் நாட்டை ஆள்வோரே அநீதி செய்யும்போது நாட்டை நேசிக்கும் கிறிஸ்தவன் என்ன செய்ய வேண்டும்? இவ்வினாவிற்குத் தமது வாழ்வையே விடையாக அளித்தவர் ஜேர்மனியப் போதகர் பொன்ஹோபர் ஆவார்.

1. இளமையும் கல்வியும்

இவர் 1906 பெப்ரவரி 4 ஆந் திகதி, அன்று ஜேர்மனியில் இருந்ததும் இன்று போலந்தில் உள்ளதுமான பிரெஸ்லோ நகரிற் பிறந்தார். பிள்ளைகள் எண்மரில் இவரும் சபீனா என்னும் சகோதரியும் இரட்டையர். தந்தையார் புகழ்பெற்ற உளமருத்துவப் பேராசிரியர். மூத்த சகோதரர் ஒருவர் முதலாம் உலக மகாயுத்தத்தில் நாட்டுக்காகப் போரிட்டு 1918 இல் உயிர்நீத்தார். எனவே நாட்டுப்பற்று என்பது இக்குடும்பத்திற்கு வெறும் சொல்லன்று.

இறையியல் கற்ற பொன்ஹோபர் தமது 21 ஆவது வயதிலேயே பேர்லின் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1930 - 1931 காலப்பகுதியில் நியூயோர்க்கில் உயர்கல்வி கற்றபோது, அங்குள்ள கறுப்பின மக்களின் ஆலயமொன்றில் ஞாயிறு பாடசாலையிற் கற்பித்தார். நிறத்தின் பெயரால் மனிதர் ஒதுக்கப்படுவதை அங்கே நேரிற் கண்டார்.

2. திருச்சபைக்கு வந்த சோதனை

1933 ஜனவரி 30 இல் ஹிட்லர் ஜேர்மனியின் ஆட்சித் தலைவரானார். இரண்டு நாட்களின் பின்னர் பொன்ஹோபர் வானொலியில் உரையாற்றினார். தலைவன் தன்னைத் தெய்வமாக்கிக்கொள்வதன் ஆபத்தை அவர் எடுத்துக்கூறினார். உரை முடியுமுன்னரே ஒலிபரப்பு நின்றுபோயிற்று.

அவ்வாண்டு ஏப்ரலில், யூத வழிவந்தோரை அரச பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. திருச்சபைக்குள்ளும் ஒரு பிரிவினர் இதனை வரவேற்றனர். ஆலயங்களில் நாசிக் கட்சியின் கொடியைப் பறக்கவிட்டு, அதுவே நாட்டுப்பற்று என்றனர். பொன்ஹோபர் இதனை ஏற்கவில்லை. அவர் தமது கட்டுரையொன்றில் திருச்சபையின் கடமைகளாக மூன்றினைக் காட்டினார்:

(அ) அரசின் செயல்கள் நீதியானவையா என வினவுதல்.
(ஆ) பாதிக்கப்பட்டோர் எம்மதத்தவராயினும் அவர்களுக்கு உதவுதல்.
(இ) தேவை ஏற்படின், அநீதி செய்யும் இயந்திரத்தையே தடுத்து நிறுத்துதல்.

அரசின் தலையீட்டை எதிர்த்தோர் 'அறிக்கையிடும் திருச்சபை' என ஒன்றுகூடினர். 1935 முதல் பின்கன்வால்டே என்னுமிடத்தில் அதன் இளம் போதகர்களைப் பொன்ஹோபர் பயிற்றுவித்தார். கூட்டுவாழ்வு, செபம், தியானம் என்பன அங்கு முக்கியம் பெற்றன. 1937 இல் இரகசியப் பொலிசார் அக்கல்லூரியை மூடினர். அகிம்சை வழியை அறிய மகாத்மா காந்தியிடம் செல்ல இவர் விரும்பியிருந்தார். காந்தியும் அழைப்பு விடுத்திருந்தார். எனினும் அப்பயணம் கைகூடவில்லை.

3. திரும்பி வந்த முடிவு

மாணவர்களே, இப்பகுதியை ஆழ்ந்து கவனியுங்கள். 1939 ஜூனில் நண்பர்களின் ஏற்பாட்டினால் பொன்ஹோபர் அமெரிக்கா சென்றார். அங்கே பாதுகாப்பும் பதவியும் காத்திருந்தன. ஆயினும் அவருடைய மனம் அமைதியடையவில்லை. நாட்டு மக்களின் துன்பத்திற் பங்குகொள்ளாதவனுக்கு, பின்னர் நாட்டைக் கட்டியெழுப்புவதிற் பங்குகொள்ளும் உரிமை இல்லை என்பதே அவரது எண்ணம். ஒரு மாதங்கூட முடியுமுன்னரே நாடு திரும்பினார். செப்டெம்பரில் இரண்டாம் உலக மகாயுத்தம் தொடங்கியது.

பின்னர் இவர் இராணுவப் புலனாய்வுப் பிரிவிற் பணிபுரிந்துகொண்டே, ஹிட்லரை அகற்ற முயன்ற குழுவினருடன் இரகசியமாக இணைந்தார். 1942 இல் யூத வழிவந்தோர் பதினால்வர் சுவிற்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல அக்குழுவினர் உதவினர். ஹிட்லரைக் கொல்லும் முயற்சியிற் பங்கேற்பது பாவமற்றதென இவர் வாதிடவில்லை. அக்குற்றத்தின் பாரத்தைத் தாமே ஏற்று, கடவுளின் இரக்கத்தையே நம்பினார்.

4. சிறையும் மரணமும்

1943 ஏப்ரல் 5 ஆந் திகதி கைதுசெய்யப்பட்டார். சிறையிலிருந்து இவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்தன. 1944 ஜூலை 20 இல் ஹிட்லர்மீது நிகழ்ந்த கொலை முயற்சி தோல்வியுற்றபின் இவரது தொடர்பு வெளிப்பட்டது. 1945 ஏப்ரல் 9 ஆந் திகதி புளொசன்பேர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அப்போது வயது 39. இரண்டு வாரங்களில் அமெரிக்கப் படையினர் அம்முகாமை விடுவித்தனர்.

5. நாம் கற்கும் விழுமியங்கள்

கொடியை உயர்த்துவது எளிது. நாடு தவறும்போது அதனை எடுத்துரைப்பது கடினம். தவறைச் சுட்டிக்காட்டியவரைத் துரோகி என்றனர். ஆனால் பாதுகாப்பான இடத்தை விட்டுத் தம் மக்களிடம் திரும்பி வந்தவர் அவரே. உங்கள் வகுப்பில் ஒருவர் இனத்தாலோ மதத்தாலோ ஒதுக்கப்படும்போது நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள்? விடையை எழுதுமுன் சிந்தியுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பொன்ஹோபர் பிறந்த ஆண்டு, இடம் என்பவற்றைத் தருக. (2 புள்ளிகள்)
2. திருச்சபையின் கடமைகளாக அவர் காட்டிய மூன்றினையும் எழுதுக. (3 புள்ளிகள்)
3. 1939 இல் அவர் நாடு திரும்பியமைக்கான காரணத்தை விளக்குக. (5 புள்ளிகள்)
4. உண்மையான நாட்டுப்பற்று எத்தகையது என்பதை இவரது வாழ்விலிருந்து ஆராய்க. (10 புள்ளிகள்)